எல்இடி இண்டிகேட்டருக்கு எந்த ரெசிஸ்டர், எந்த டிரான்சிஸ்டர்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் கவனிக்க ஒரு இஎஸ்பி32 போர்டில் (புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன கன்ட்ரோலர் போர்டு) புரோகிராம் எழுதி முடித்திருக்கிறீர்கள். சமையலறையில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதில் மூன்று எல்இடி வேண்டும். தொட்டி காலியானால் சிவப்பு, நிறைந்தால் பச்சை, மோட்டார் ஓடும்போது நீலம். போர்டிலிருந்து பெட்டிவரை ஏறக்குறைய 15 மீட்டர் ஒயர். கையில் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது. ஒரு வீடியோவில் 220 ஓம் ரெசிஸ்டர் என்கிறார்கள், இன்னொன்றில் 1 கே, அதாவது 1,000 ஓம் என்கிறார்கள், கடைக்காரர் 470 ஓம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எல்இடியை ஆன், ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் பிசி547 வாங்குவதா, 2என்2222 வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் ரிலே சுவிட்சையும் அதே டிரான்சிஸ்டரில் ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிவப்புக்கு 2.2 கே, பச்சைக்கும் நீலத்துக்கும் 4.7 கே, மூன்றுக்கும் ஆளுக்கொரு பிசி547, ஒவ்வொன்றின் பேஸிலும், அதாவது கட்டளை வாங்கும் காலிலும், 10 கே. இதை அப்படியே சால்டர் செய்தால் வேலை செய்யும். ஆனால் நாளைக்கே அடாப்டர் 5 வோல்ட்டாக மாறினாலோ, வேறு நிற எல்இடி வாங்கினாலோ இந்த எண்கள் மாறிவிடும். அதனால் இவை எங்கிருந்து வந்தன என்பதையும் பார்த்துவிடுவோம்.

220 என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. அவர் 5 வோல்ட் போர்டில் செய்து காட்டியிருப்பார். சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறக்குறைய 2 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் தலையில் விழும். 3-ஐ 220-ஆல் வகுத்தால் 13.6 மில்லிஆம்ப். அங்கே அது சரி. அதே 220-ஐ உங்கள் 12 வோல்ட்டில் போட்டால் ரெசிஸ்டருக்கு வருவது 10 வோல்ட், கரண்ட் 45 மில்லிஆம்ப். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி தொடர்ந்து தாங்குவது 20 மில்லிஆம்ப் அளவுக்குத்தான். ரெசிஸ்டரின் நிலைமையும் மோசம். 10 வோல்ட்டை 45 மில்லிஆம்பால் பெருக்கினால் 0.45 வாட். கடையில் கொடுப்பது கால் வாட் ரெசிஸ்டர். விரல் வைக்க முடியாதபடி சுடும், மேல்பூச்சு கறுத்துப்போகும்.

470 போட்டால் 21 மில்லிஆம்ப், 0.21 வாட். எரியும்தான். ஆனால் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கால் வாட் ரெசிஸ்டர் தன் எல்லையிலேயே நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும். எந்த ரெசிஸ்டரையும் அதன் வாட் அளவில் பாதிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது நான் விடாமல் பின்பற்றும் வழக்கம். 1 கே போட்டால் 10 மில்லிஆம்ப், 0.1 வாட், தாராளமாகத் தாங்கும். 2.2 கே-யில் 4.5 மில்லிஆம்ப், 0.045 வாட். தொட்டால் சூடே தெரியாது.

சரி, 20 மில்லிஆம்ப் தாங்கும் எல்இடிக்கு ஏன் 4.5 மட்டும் கொடுக்க வேண்டும்? அந்த 20 என்பது உச்ச அளவு. இண்டிகேட்டருக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையே இல்லை. இன்று விற்கும் எல்இடிகளில் பெரும்பாலானவை 2 மில்லிஆம்பிலேயே அறையின் மறுமுனையிலிருந்து பளிச்சென்று தெரியும். கண்ணாடி போன்ற மூக்குடைய எல்இடியில் 20 மில்லிஆம்ப் விட்டு, அதை ஆள் நிற்கும் உயரத்தில் மாட்டினால் கண் கூசும், இரவில் சமையலறைச் சுவரெல்லாம் நீலமாகத் தெரியும். பால்வெள்ளை மூக்குடையதாக வாங்குங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும், கூச்சமும் குறைவு.

அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது கரண்ட். உங்கள் கண்ணுக்கு எவ்வளவு போதும் என்று பார்த்துக் கரண்டை முடிவு செய்தால் ரெசிஸ்டர் தானாக வந்துவிடும். சப்ளை வோல்டேஜிலிருந்து எல்இடி வைத்துக்கொள்ளும் வோல்டேஜைக் கழித்து, கரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் 1,980 ஓம் என்று வந்தால் 1,980 ஓமைத் தேடி அலைய வேண்டாம். கடையில் கிடைக்கும் வரிசை 1, 1.2, 1.5, 1.8, 2.2, 2.7, 3.3, 3.9, 4.7, 5.6, 6.8, 8.2 என்று போகும். 1.8 கே-யோ 2.2 கே-யோ எதைப் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கரண்டைப் பாதியாகக் குறைத்தால்கூட 'கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே' என்றுதான் தோன்றும். நம் கண்ணின் இயல்பு அப்படி.

நிறத்துக்கு நிறம் வோல்டேஜ் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காரணம் ஒளியிலேயே இருக்கிறது. 1,240-ஐ ஒளியின் அலைநீளத்தால், அதாவது நானோமீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் அந்த ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். சிவப்பு 630 நானோமீட்டர் என்றால் ஏறக்குறைய 1.97. நீலம் 465 என்றால் 2.67. அந்த ஆற்றலைக் கொடுக்கக் குறைந்தபட்சம் அந்த அளவுக்குப் பக்கத்திலாவது வோல்டேஜ் வேண்டும். அதனால்தான் சிவப்பு 1.8-லிருந்து 2.2 வோல்ட்டுக்குள் நின்றுவிடுகிறது, நீலமும் வெள்ளையும் 2.8-லிருந்து 3.4 வரை கேட்கின்றன.

பச்சையில்தான் ஏமாற்றம் வரும். பழைய வகைப் பச்சை சற்று மஞ்சள் கலந்தது, 565 நானோமீட்டர் அளவு. 2.1 வோல்ட் போதும், வெளிச்சம் குறைவு. புது வகைப் பச்சை 525 நானோமீட்டர். நீல எல்இடி செய்யும் அதே இண்டியம் காலியம் நைட்ரைடில் செய்தது. அதற்கு 3 வோல்ட் வேண்டும், வெளிச்சமும் மிக அதிகம். இரண்டும் 'பச்சை எல்இடி' என்ற ஒரே பெயரில்தான் விற்கும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து எல்இடியின் இரு கால்களிலும் தொட்டுப் பாருங்கள். 1.7, 1.9 என்று ஏதாவது எண் வந்து லேசாக எரிந்தால் பழைய வகை. எண் 2.4-க்கு மேல் போனாலோ, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலோ புது வகை. பல மீட்டர்கள் அந்த நிலையில் 3 வோல்ட்கூடக் கொடுப்பதில்லை என்பதுதான் காரணம், எல்இடி பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புது வகைப் பச்சைக்கும் நீலத்துக்கும் 4.7 கே சொன்னது இதனால்தான். 12-இல் 3 போக 9 வோல்ட், 4.7 கே-யில் 1.9 மில்லிஆம்ப். சிவப்பு 4.5 மில்லிஆம்பில் எரிவதற்கு இது ஈடாக இருக்கும். பச்சை அப்போதும் தூக்கலாகத் தெரிந்தால் 10 கே போடுங்கள், 0.9 மில்லிஆம்ப் வரும், பயப்பட வேண்டாம். நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் மசியும். மூன்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டுவிட்டு, சிவப்பு மட்டும் மங்குகிறது என்று தேடுவது பலருக்கு நடப்பது. பழைய வகைப் பச்சையாக இருந்தால் சிவப்புக்குப் போட்ட 2.2 கே-யையே போட்டுவிடலாம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். போர்டின் பின்னிலிருந்தே (3.3 வோல்ட் வெளியே தரும் அதன் காலிலிருந்தே) நேராக எல்இடி எரிக்கலாமே, எதற்கு டிரான்சிஸ்டர்? சிவப்புக்கு எரிக்கலாம். 3.3 வோல்ட்டில் 1.9 போக 1.4, அதை 330 ஓமால் வகுத்தால் 4.2 மில்லிஆம்ப். இஎஸ்பி32-இன் பின்னுக்கு இது ஒரு சுமையே இல்லை. போர்டின் பக்கத்திலேயே வைக்கும் ஒரு சிவப்பு எல்இடி என்றால் நானும் டிரான்சிஸ்டர் போட மாட்டேன். நீலம் அப்படியில்லை. 3.3-இல் 3 போனால் மிஞ்சுவது 0.3 வோல்ட். ஒரு எல்இடி 2.9 கேட்கும், அதே பாக்கெட்டில் அடுத்தது 3.2 கேட்கும். முதலாவதற்கு மிச்சம் 0.4, இரண்டாவதற்கு 0.1. கரண்டில் நான்கு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். அதே 0.3 வோல்ட் வித்தியாசம் 12 வோல்ட் சப்ளையில் வந்தால், ரெசிஸ்டரிடம் 9 வோல்ட் இருப்பதால் கரண்ட் 3 சதவீதம்தான் மாறும். ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்டேஜ் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு எல்இடி நிலையாக எரியும். அடாப்டர் 12 வோல்ட்டாக இருப்பது உங்களுக்குச் சாதகம்தான்.

அப்புறம் அந்த 15 மீட்டர் ஒயர். சுவரில் அடித்து, கதவிடுக்கில் நுழைத்துக் கொண்டுபோகும் ஒயரை நேராக 3.3 வோல்ட் பின்னில் இணைப்பதை நான் விரும்ப மாட்டேன். எங்கோ உரசி 12 வோல்ட் திரும்பி வந்தால் சிப் போய்விடும். நடுவில் டிரான்சிஸ்டரும் 10 கே-யும் இருந்தால் போவது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் மட்டும். ஒயரின் தடையைப் பற்றிக் கவலை வேண்டாம். மெல்லிய ஒயராக இருந்தாலும் போய்வர 30 மீட்டருக்குச் சில ஓம்தான். 5 மில்லிஆம்பில் அது கண்ணுக்கும் தெரியாது, கணக்கிலும் வராது.

பிசி547-ஆ, 2என்2222-ஆ என்று நீங்கள் அதிகம் யோசித்த கேள்விக்கு விடை மிகச் சுருக்கம். எது கையில் இருக்கிறதோ அது. பிசி547 100 மில்லிஆம்ப் வரை, 45 வோல்ட் வரை தாங்கும். நமக்கு வேண்டியது 5 மில்லிஆம்ப், 12 வோல்ட். 2என்2222 இன்னும் பல மடங்கு தாங்கும், ஆனால் அந்தத் தாங்குதிறனுக்கு இங்கே வேலையில்லை. கவனிக்க வேண்டியது கால்களின் வரிசை. பேஸுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்ட் ஓடும். பிசி547-இன் தட்டைப் பக்கத்தை நம்மைப் பார்க்க வைத்து, கால்களைக் கீழே வைத்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உடலில் வரும் 2222-இல் பிஎன்2222ஏ என்றால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ என்றால் மறுபடி கலெக்டர், பேஸ், எமிட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே அச்சிட்டதைப் படித்து, அந்த எண்ணின் டேட்டாஷீட்டையே, அதாவது தயாரிப்பாளரின் விவரத் தாளையே பாருங்கள்.

எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிவிட்டால் டிரான்சிஸ்டர் உடனே புகையாது, அதுதான் தொந்தரவு. அரைகுறையாக வேலை செய்யும். பிசி547-இன் பேஸ்-எமிட்டர் சந்தி தலைகீழாக 6 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம் உள்ளது. 12 வோல்ட் எமிட்டர் பக்கமாக வந்தால் அது உடைந்து கொஞ்சம் கரண்ட் கசியும். புரோகிராமில் அணைத்த பிறகும் எல்இடி இருட்டில் லேசாக மினுங்கினால் முதலில் கால் வரிசையைச் சந்தேகப்படுங்கள்.

டிரான்சிஸ்டர் தேர்வைவிட முக்கியம் பேஸ் ரெசிஸ்டர். பலர் தடுமாறும் இடம் இதுதான். டேட்டாஷீட்டில் கெயின் (பேஸ் கரண்டைப்போல் எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பது) 200, 300 என்று இருப்பதைப் பார்த்து, 'எனக்கு 5 மில்லிஆம்ப் வேண்டும், 200-ஆல் வகுத்தால் 25 மைக்ரோஆம்ப் போதும், 100 கே போடலாம்' என்று கணக்குப் போடுகிறார்கள். பெருக்கியாக வேலை வாங்கும்போது வேண்டுமானால் அந்தக் கெயினை வைத்து யோசிக்கலாம். இங்கே டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். முழுசாகத் திறக்க வேண்டும், முழுசாக மூட வேண்டும்.

100 கே போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பின்னில் 3.3, பேஸ் எடுத்துக்கொள்வது 0.7, மீதி 2.6 வோல்ட். 100 கே-யில் அது 26 மைக்ரோஆம்ப். பிசி547-இல் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு உண்டு. ஏ பிரிவின் கெயின் 110-லிருந்து 220, பி பிரிவு 200-லிருந்து 450, சி பிரிவு 420-லிருந்து 800. ஏ பிரிவில் கெயின் 110 உள்ள ஒன்று கிடைத்தால் எல்இடிக்குப் போவது 2.9 மில்லிஆம்ப்தான். சி பிரிவு கிடைத்தால் ரெசிஸ்டர் அனுமதிக்கும் 4.5 மில்லிஆம்பும் போகும். ஒரே சர்க்யூட், ஒரே பெயருள்ள டிரான்சிஸ்டர், இரண்டு வெளிச்சம்.

அதனால் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது கெயினை 10 அல்லது 20 என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும். பிசி547-இன் டேட்டாஷீட்டே முழுசாகத் திறந்த நிலையை அளக்கும்போது கலெக்டரில் 10 மில்லிஆம்புக்கு பேஸில் 0.5 மில்லிஆம்ப் கொடுத்துத்தான் அளக்கிறது. அதாவது 20-க்கு 1. நமக்கு 4.5-ஐ 20-ஆல் வகுத்தால் 0.225 மில்லிஆம்ப். 2.6 வோல்ட்டை அதால் வகுத்தால் 11.5 கே. பக்கத்தில் அதைவிடக் குறைவாகக் கிடைப்பது 10 கே. 4.7 கே போட்டாலும் கெடுதல் இல்லை. பேஸில் ரெசிஸ்டரே இல்லாமல் பின்னை நேராக இணைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பேஸ் 0.7, 0.8 வோல்ட்டிலேயே பிடித்துவைக்கும், பின் 3.3-க்கு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் கரண்டைக் கட்டுப்படுத்த எதுவுமே இருக்காது.

சரியாகத் திறக்கிறதா என்று மல்டிமீட்டரால் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். எல்இடி எரியும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் வோல்டேஜை அளங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நன்றாகத் திறந்திருக்கிறது. 1, 2, 3 வோல்ட் என்று காட்டினால் பேஸுக்குக் கரண்ட் போதவில்லை. அப்படி வந்தால் நான் முதலில் பார்ப்பது பேஸ் ரெசிஸ்டரின் மூன்றாவது பட்டையை. 10 கே பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. 100 கே பழுப்பு, கறுப்பு, மஞ்சள். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோலவே தெரியும். நிறத்தை நம்பாமல் மீட்டரில் அளந்துவிட்டு மாட்டுவது நல்லது. ஐந்து பட்டை உள்ள 1 சதவீத ரெசிஸ்டராக இருந்தால் கணக்கே வேறு. அதில் 10 கே என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு.

இணைப்பு இப்படி. 12 வோல்ட் பாசிட்டிவ் ஒரு பொது ஒயரில் சமையலறைப் பெட்டிக்குப் போகட்டும். மூன்று எல்இடிகளின் நீளக் கால்களும் அதில் சேரும். குட்டைக் காலிலிருந்து, அதாவது விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கத்திலிருந்து, ஆளுக்கொரு ஒயர் திரும்ப போர்டுக்கு வரும். ஆக மொத்தம் நாலு ஒயர். அந்த ஒயர் போர்டில் ரெசிஸ்டரைத் தாண்டி கலெக்டருக்குப் போகும். எமிட்டர் கிரவுண்டில், அதாவது சப்ளையின் நெகட்டிவில். ரெசிஸ்டரைப் பெட்டிக்குள் வைக்காமல் போர்டிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழியில் ஒயர் உரசி பொது பாசிட்டிவும் திரும்பும் ஒயரும் ஒட்டிக்கொண்டாலும், 12 வோல்ட் 2.2 கே வழியாகத்தான் கலெக்டருக்கு வரும். 5.5 மில்லிஆம்ப், ஒன்றும் ஆகாது. ரெசிஸ்டர் பெட்டிக்குள் இருந்தால் 12 வோல்ட் நேராகக் கலெக்டரில் விழும், டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

எல்இடியை எமிட்டர் பக்கம் போடாதீர்கள். கலெக்டரில் 12 வோல்ட் கொடுத்து எமிட்டரில் ரெசிஸ்டரும் எல்இடியும் போட்டால், எமிட்டர் வோல்டேஜ் பேஸைவிட 0.7 குறைவாகத்தான் போகும். பின்னில் 3.3 என்றால் எமிட்டரில் 2.6-க்கு மேல் ஏறாது. சிவப்பு மங்கலாக எரியும், நீலம் எரியவே எரியாது.

ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். அடாப்டருக்குப் பதில் சோலார் பேட்டரி என்றால் வோல்டேஜ் 11-லிருந்து 14-க்கு மேல் வரை ஏறி இறங்கும். அப்போது எல்இடியைக் கலெக்டரில் வைத்து, ரெசிஸ்டரை மட்டும் எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 கே-யாகப் போடுங்கள். இங்கே மட்டும் பின்னை நேராக பேஸில் இணைக்கலாம், எமிட்டரில் உள்ள ரெசிஸ்டரே கரண்டைக் கட்டுப்படுத்துவதால் பேஸ் ரெசிஸ்டர் தேவையில்லை. எமிட்டர் 2.6 வோல்ட்டில் நிற்கும், 1 கே-யில் 2.6 மில்லிஆம்ப் ஓடும். அதே கரண்ட்தான் எல்இடியிலும். பேட்டரி 11 ஆனாலும் 14 ஆனாலும், எல்இடி சிவப்பானாலும் நீலமானாலும் கரண்ட் மாறாது. எனக்கு மிகவும் பிடித்த சின்ன சர்க்யூட் இது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 100 கே ஒன்று போட்டுவிடுங்கள். போர்டு துவங்கும் நொடியில் பின் எந்தப் பக்கமும் இல்லாமல் தொங்கும்போது எல்இடி மினுங்காது. இஎஸ்பி32-இல் 34-லிருந்து 39 வரை உள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும்தான், அவற்றால் எதையும் ஓட்ட முடியாது. 25, 26, 27 எடுத்துக்கொள்ளுங்கள். போர்டுக்கு செல்போன் சார்ஜரும் எல்இடிக்கு 12 வோல்ட் அடாப்டரும் எனத் தனித்தனியாக இருந்தால் இரண்டின் கிரவுண்டையும் இணைத்தாக வேண்டும். இணைக்காவிட்டால் பேஸ் கரண்ட் திரும்பிப் போக வழியே இருக்காது.

ரிலே விஷயத்துக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் சின்ன நீலநிற ரிலேவில் 12 வோல்ட் வகையின் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) ஏறக்குறைய 400 ஓம், 30 மில்லிஆம்ப் எடுக்கும். பிசி547 இதைத் தாங்கும். ஆனால் பேஸில் 10 கே போதாது, 1 கே வேண்டும். காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வரும்படி, கட்டாயம். ரிலே அணையும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜில் டிரான்சிஸ்டர் செத்துவிடும். 5 வோல்ட் ரிலே என்றால் காயில் 70 மில்லிஆம்ப் அளவுக்கு இழுக்கும், அது பிசி547-இன் எல்லைக்கு மிக அருகில். அங்கே பிசி337 அல்லது நீங்கள் கேட்ட 2222 போடுங்கள். எல்இடிக்கு இந்த டயோடு தேவையில்லை. எல்இடியும் ரிலேவும் ஒரே டிரான்சிஸ்டரில் சேர்ந்து ஓடலாம். எல்இடிக்குத் தனியாக அதன் 4.7 கே இருந்தால் போதும். ஆனால் அந்த நீல எல்இடி 'ரிலேவுக்குக் கட்டளை போயிருக்கிறது' என்பதை மட்டும்தான் காட்டும். மோட்டாருக்கு உண்மையில் கரண்ட் போகிறதா என்று காட்டாது.

அதைக் காட்ட வேண்டுமானால் மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பிறகு 230 வோல்ட்டில் ஒரு விளக்கு வேண்டும். இங்கே சொன்ன கணக்கை வைத்து அங்கே ரெசிஸ்டர் போட்டுப் பார்க்காதீர்கள். 230 வோல்ட்டின் உச்சம் 325. கால் வாட் ரெசிஸ்டர்கள் பல அந்த வோல்டேஜைத் தாங்கவே செய்யப்பட்டவை அல்ல. எல்இடி தலைகீழாகத் தாங்குவது 5 வோல்ட்தான். எலக்ட்ரிகல் கடையில் பேனலில் மாட்டும் 230 வோல்ட் இண்டிகேட்டர் விளக்கு உறையோடு தயாராகவே கிடைக்கிறது. அதை வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே மாட்டிவிடுங்கள்.